அம்பாசிடர் சூடேறினால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

பழைய கார் சூடேறுகிறது என்று சொன்னால் பட்டறையில் மூன்று தீர்ப்புகள் தயாராக இருக்கும். ரேடியேட்டரை மாற்று, வாட்டர் பாடியை (தண்ணீர் பம்பை) மாற்று, தெர்மோஸ்டாட்டை (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வை) கழற்றிப் போடு. மூன்றுமே சில வண்டிகளுக்குச் சரியான வைத்தியம்தான். ஆனால் எப்போது சூடேறுகிறது என்று கேட்காமலே சொன்னால் பணம் போகும், சூடு போகாது.

வடசென்னையின் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போது மட்டும் வெப்ப மீட்டரின் முள் ஏறுகிறதா? ஜிஎன்டி ரோட்டில் மாதவரம் தாண்டி வேகமெடுத்த பிறகா? வீட்டிலிருந்து கிளம்பித் தெருமுனை திரும்புவதற்குள்ளேயா? இந்த மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இங்கே சொல்வது 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடரை மனதில் வைத்து. 1089 சிசி பிரீமியர் பத்மினிக்கும், 1961 முதல் நம் ஊரிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் இதே வரிசை பொருந்தும். ஹெரால்டில் ஒரு சௌகரியம், பானெட் மொத்தமாக முன்பக்கம் சாய்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம்.

வழியிலேயே ஆவி கிளம்பிவிட்டது

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு முள் சிவப்பைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆவி இல்லை, ஒழுகல் இல்லை என்றால் மெதுவாக ஓரம் கட்டலாம். கட்டிய பிறகு நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடித்தால் ஃபேனும் பம்பும் வேகமாகச் சுற்றி முள் இறங்கவும் வாய்ப்புண்டு. பானெட் இடுக்கில் ஆவி தெரிந்தால் இந்தப் பரிசோதனையெல்லாம் வேண்டாம், உடனே ஆஃப் செய்யுங்கள். பின்னால் ஹார்ன் அடிப்பவர் சிலிண்டர் ஹெட்டுக்குக் காசு தரப்போவதில்லை.

முள் ஏறுவதோடு டேஷ்போர்டில் சிவப்பு சார்ஜ் விளக்கும் எரிந்தால் ஃபேன் பெல்ட் அறுந்திருக்கிறது. டைனமோ, பம்ப், ஃபேன் மூன்றையும் சுற்றுவது அந்த ஒரே பெல்ட்தான். அதற்கு மேல் ஒரு ஃபர்லாங்கூட ஓட்டக்கூடாது.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். மூடி செய்யும் வேலை குக்கர் வெயிட் செய்யும் வேலைதான்: 7 பிஎஸ்ஐ மூடி போட்டிருந்தால் உள்ளே தண்ணீர் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். திறந்த கணத்தில் அழுத்தம் போய், மொத்தத் தண்ணீரும் ஒரே சமயத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது காத்திருங்கள். மேல் ஹோஸைக் கையால் அழுத்தினால் அமுங்கவேண்டும். அப்போதுதான் தடித்த துணியைப் போட்டு முதல் கட்டம் வரை திருப்பி, காற்று முழுக்கப் போன பிறகு கழற்றலாம். காய்ந்த சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கவிழ்த்தால் ஹெட் விரிசல் விடும். கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

முள் ஏறுகிறது, ஆனால் ஆவியும் இல்லை, வாசனையும் இல்லை

முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். மின்சார மீட்டர் உள்ள வண்டியில் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தாற்போல் அதிகம் காட்டினால் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் போயிருக்கிறது, அல்லது அதன் எர்த் சரியில்லை. சென்சார் வயர் எங்காவது உரசிப் பாடியைத் தொட்டாலும் முள் உச்சிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த வயரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றிய பிறகும் முள் இறங்காவிட்டால் கோளாறு வயரிலோ மீட்டரிலோதான், இன்ஜினில் இல்லை.

துப்பாக்கி மாதிரி பிடித்துப் பார்க்கும் அகச்சிவப்பு தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வண்டியில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. தெர்மோஸ்டாட் மூடியின் மேல் காட்டினால் 80, 90 என்று உண்மை தெரிந்துவிடும். கீழே சொல்லப்போகும் பாதிப் பரிசோதனைகளுக்கும் அதுவே போதும்.

நின்றால் சூடு, ஓடினால் சரி

கேட்டில் நிற்கும்போது ஏறும் முள், கேட் திறந்து நூறு மீட்டர் போனதும் இறங்குகிறது என்றால் தண்ணீர் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, காற்றுதான் போதவில்லை. ரேடியேட்டரைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை.

பெல்ட்டின் நீளமான பகுதியை நடுவில் அழுத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் அமுங்கினால் தளர்வு. பெல்ட் இறுக்கமாக இருந்தும் அதன் உட்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தால் வழுக்குகிறது, மாற்றிவிடுங்கள். அடுத்தது காகிதப் பரிசோதனை. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஒரு தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் வையுங்கள். அது ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டும். கீழே விழுந்தால் ஃபேன் இழுக்கவில்லை. விலகிப் பறந்தால், யாரோ பொருத்திய எலக்ட்ரிக் ஃபேன் தலைகீழ் வயரிங்கில் எதிர்த் திசையில் ஊதிக்கொண்டிருக்கிறது. இது கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஃபேன் கூடுதலாகப் போட்ட பிறகுதான் சூடு அதிகமானது என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும்.

பிறகு ரேடியேட்டரின் வெளிப்புறம். மணலி, எண்ணூர்ப் பக்கம் ஓடும் வண்டியில் லாரிப் புழுதியும் டீசல் கரியும் சேர்ந்து துடுப்புகளுக்கு (மெல்லிய தகடுகளுக்கு) நடுவே அப்பிக்கொள்ளும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. பின்பக்கம் ஒரு டார்ச்சை வைத்து முன்னாலிருந்து பாருங்கள், வெளிச்சம் எங்கெல்லாம் வரவில்லையோ அங்கெல்லாம் அடைப்பு. இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கமாகப் பிடித்தால் துடுப்புகள் மடங்கிவிடும், அதற்குப் பிறகு அடைப்பைவிட மோசம். பிற்பாடு ஏசி பொருத்திய வண்டி என்றால் அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று காற்றை மறைக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு நல்ல எலக்ட்ரிக் ஃபேன் கட்டாயம்.

காற்று சரியாக இருந்தும் நின்றால் சூடேறினால் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் காண்டாக்ட் பாயின்ட்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் தானாகவே பின்தங்கிப்போகும். எரிதல் தாமதமானால் வெப்பத்தில் பெரும்பங்கு சிலிண்டர் சுவர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும்தான் வெளியேறவேண்டும். பாயின்ட் இடைவெளி 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) அளவில் இருக்கிறதா என்று பார்த்து, டைமிங் லைட் வைத்துச் சரிசெய்யுங்கள். காதால் கேட்டு டைமிங் வைக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் கை பெரும்பாலும் பொய்க்காது. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாய் கிழிந்திருப்பதைக் காது சொல்லாது.

நகரத்துக்குள் சரி, வேகமெடுத்தால் சூடு

இதுதான் வடசென்னை வண்டிகளின் நிரந்தர நோய் என்பது என் கருத்து. காரணம் தண்ணீர்.

மீஞ்சூர் தொடங்கிக் கடலோரமாக நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. காட்டுப்பள்ளியில் 2010இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் கொஞ்சம் வருகிறது. ஆனால் பட்டறை ஓரத்து டிரம்மில் இருப்பது பெரும்பாலும் போர் தண்ணீர்தான். திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் வாளியின் உட்பக்கம் வெள்ளையாகப் படியும் அதே உப்பு, ரேடியேட்டரின் தட்டைக் குழாய்களிலும் சிலிண்டரைச் சுற்றிய நீர் அறையிலும் படிகிறது. உப்புத் தண்ணீர் வார்ப்பிரும்பை அரித்துத் துருச் சேற்றையும் கூடவே கொடுக்கும். பாதி அடைத்த ரேடியேட்டர் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்குப் போதும். புழல் தாண்டி எழுபதில் போகும்போது இன்ஜின் தரும் வெப்பத்தை அதனால் வெளியேற்ற முடியாது.

கண்டுபிடிப்பது எளிது. வண்டியை நன்றாகச் சூடாக ஓட்டி வந்து நிறுத்தி, இன்ஜினை ஆஃப் செய்து, ரேடியேட்டரின் முகப்பில் தெர்மாமீட்டரைக் குறுக்கும் நெடுக்குமாகக் காட்டுங்கள். மேலிருந்து கீழே வெப்பம் சீராகக் குறைந்துகொண்டு வரவேண்டும். நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. தெர்மாமீட்டர் இல்லையென்றால் உள்ளங்கை போதும். எலக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில் மட்டும் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுக் கையை விடுங்கள்.

அடுத்து பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடல். டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் பக்கம், பின்கோடியில் ஒரு சின்ன வடிகால் குழாய் இருக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது அதைத் திறங்கள். தண்ணீர் கொட்டினால் நிம்மதி. ஒரு சொட்டும் வராவிட்டால் நான்காவது சிலிண்டரைச் சுற்றிச் சேறு இறுகிக் கிடக்கிறது என்று பொருள். கம்பியால் குத்திக் கிளறி, ஹோஸ் வைத்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை விடவேண்டும். இந்தக் குழாயைத் தொட்டே பார்க்காமல் ரேடியேட்டரை மட்டும் மாற்றுகிறவர்கள் அதிகம். புது ரேடியேட்டர் போட்ட சில மாதங்களில் மறுபடி சூடு ஏறுவதற்கு அதுதான் காரணம். பிளாக்கில் இருந்த சேறு முழுவதும் புதுக் குழாய்களில் போய் உட்கார்ந்துவிடுகிறது. எனவே முதலில் பிளாக், பிறகு ரேடியேட்டர்.

ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, கீழ் வாயில் தண்ணீர் விட்டு மேல் வாயில் வரவிடுவது முதல் கட்டம். லேசான உப்புக்கு சிட்ரிக் ஆசிட் கலந்த வெந்நீரைச் சில மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசிவிடலாம். ராத்திரி முழுக்க ஊறவைக்காதீர்கள். பழைய ரேடியேட்டரில் சில ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருப்பதே அந்த உப்புதான். கழுவிய மறுநாள் ஒழுகினால் ஆசிட்டைத் திட்டவேண்டாம். இறுகிய அடைப்புக்கு ரேடியேட்டர் பட்டறைதான் வழி. பித்தளை ரேடியேட்டரின் பெரிய நன்மை, மேல் தொட்டியின் ஈயப் பற்றை உருக்கிக் கழற்றி ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டுக் குடைந்து, மறுபடி பற்றவைக்க முடியும். குழாய்களே மெலிந்திருந்தால் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுவிலுள்ள குழாய்த் தொகுப்பை (கோர்) மட்டும் மாற்றலாம். அலுமினியம் வாங்கச் சொல்பவர்களுக்கு நான் சம்மதிப்பதில்லை. இந்த வண்டிக்கு அசல் பித்தளை நன்றாக இருந்தால் போதும்.

சுத்தம் செய்த பிறகு ஊற்றுவது என்ன? போர் தண்ணீரை மறந்துவிடுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள். சென்னையில் தண்ணீர் உறையப்போவதில்லை, நமக்குக் கூலன்ட் வேண்டியது துருவைத் தடுக்கத்தான். மூன்றில் ஒரு பங்கு போதும். வெப்பத்தை எடுத்துச் செல்வதில் வெறும் தண்ணீரே கூலன்ட்டிலுள்ள கிளைக்காலைவிட மேல், ஆகவே கூலன்ட்டைக் கூட்டினால் குளிர்ச்சி கூடும் என்பது தவறு. வாங்கும்போது நிறத்தைப் பார்க்காமல் செம்பு, பித்தளை, ஈயப் பற்றுக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வடித்த கூலன்ட்டைத் தெருவில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துவிடும்.

ரேடியேட்டர் சுத்தமாக இருந்தும் வேகத்தில் சூடேறினால் கீழ் ஹோஸைப் பாருங்கள். பம்ப் இழுக்கும் பக்கம் அதுதான். உள்ளே சுருள் கம்பி இல்லாமல் ரப்பரும் தளர்ந்திருந்தால் வேகத்தில் அது சப்பி ஒட்டிக்கொள்ளும், ஐடிலில் மறுபடி விரிந்துவிடும். பானெட்டைத் திறந்து வைத்து ஆக்ஸிலேட்டரை ஏற்றினால் கண்ணெதிரே தெரியும். பம்பின் உள்ளே இருக்கும் இறக்கைகளையும் உப்பு தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் ஒழுகாமல், சத்தம் போடாமல் நன்றாகத்தான் இருக்கும், கழற்றினால் உள்ளே மொட்டையாக இருக்கும்.

இப்போது பெட்ரோலும் ஒரு காரணம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆக்சிஜன் சேர்ந்தே வருகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் பழைய அளவுக்குக் கலவை மெலிந்துபோகும். மெலிந்த கலவை சூடாக எரியும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெளுத்திருக்கும். எஸ்யூ கார்புரேட்டரில் அடியிலுள்ள ஜெட் நட்டை ஒரு பட்டை (நட்டின் ஆறு பக்கங்களில் ஒன்று) அளவு திருப்பிக் கீழே இறக்குங்கள், ஓட்டிப் பாருங்கள், தேவையென்றால் இன்னொரு பட்டை. பிளக் வெளிர் காப்பி நிறத்துக்கு வந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

நான்கு சக்கர டிரம்களையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது, இன்ஜின் பாவம் அதையும் சேர்த்து இழுக்கிறது.

கிளப்பிய சில நிமிடங்களிலேயே சூடு

மேல் ஹோஸைத் தொடுங்கள். முள் மேலே, ஹோஸ் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. கழற்றி, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன் மேலேயே 74 அல்லது 82 என்று அச்சிட்டிருக்கும், அந்த வெப்பத்தில் வாய் திறக்கத் தொடங்கவேண்டும். கொதித்தும் திறக்காவிட்டால் குப்பை. நம் வெயிலுக்கு 74 நல்ல தேர்வு.

“சார், இது குளிர் தேசத்துக்கு வைச்சது, நமக்கு எதுக்கு? தூக்கிப் போட்டுடலாம்” என்பார் மெக்கானிக். மோசமான தெர்மோஸ்டாட்டைவிட இல்லாதது மேல், அவ்வளவுதான். அது இல்லாத இன்ஜின் காலையில் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரம் சேரும். அடைத்த ரேடியேட்டரை அது திறந்துவிடப்போவதும் இல்லை. “இல்லண்ணே, புதுசு போட்டுடுங்க” என்று சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் மாற்றிய மறுநாள் இந்த அறிகுறி வந்தால் காற்று அடைத்திருக்கிறது. வண்டியின் முகத்தை உயர்த்தி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் குமிழிகள் வெளியேறும். நம் பக்கம் மேடு தேடினால் மேம்பாலம்தான் கிடைக்கும், ஜாக்கி போடுவதே உத்தமம்.

தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது

பலர் கேட்கும் இந்தக் கேள்விக்குப் பாதி சமயம் விடை, ஒன்றும் கோளாறில்லை என்பதே. பழைய அம்பாசிடரில் மிச்சத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் தனி பாட்டில் கிடையாது. தண்ணீர் சூடானால் விரியும், வாய்வரை நிரப்பினால் விரிந்தது வழிந்து ரோட்டில் போகும். மறுநாள் காலை ஓர் அங்குலம் குறைந்திருக்கும், மறுபடி வாய்வரை ஊற்றுவோம், மறுபடி வழியும். ஓர் அங்குலம் குறைவாகவே விட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதற்கு மேல் இறங்காவிட்டால் ஒன்றும் செய்யவேண்டாம்.

தொடர்ந்து இறங்கினால் மூடியின் ரப்பரைப் பாருங்கள். வெடித்திருந்தால் அதே அழுத்தம் அச்சிட்ட புது மூடி போடுங்கள். சூடு குறையும் என்று அதிக அழுத்த மூடி போட்டால் அடுத்து வெடிப்பது பழைய ஹோஸோ ரேடியேட்டரின் ஈயப் பற்றோ. ஆறிய பிறகு மேல் ஹோஸ் உள்வாங்கிச் சப்பியிருந்தாலும் மூடிதான் குற்றவாளி, அதன் நடுவிலுள்ள சின்ன வால்வு காற்றை உள்ளே விடவில்லை. பம்பின் அடியில் ஒரு துளை இருக்கும், அங்கே பச்சையோ துருவோ வழிந்த தடம் இருந்தால் பம்ப் சீல் போச்சு. பிளாக்கின் பக்கவாட்டில் அடித்திருக்கும் வட்டத் தகடுகள், வெல்ச் பிளக்குகள், துருவேறிக் கசியும். மேனிஃபோல்டுக்கு (இன்ஜினிலிருந்து சூடான புகை வெளியேறும் குழாய்த் தொகுதிக்கு) பின்னால் இருப்பதில் கசிந்தால் சூட்டில் உடனே காய்ந்துவிடும், வெள்ளைக் கறை மட்டும் நிற்கும்.

எங்கேயும் தடமில்லை என்றால்தான் ஹெட் கேஸ்கெட், அதாவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு. ஆறிய இன்ஜினில் பெல்ட்டைக் கழற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஒரு நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். பம்ப் சுற்றாதபோதும் வாயில் குமிழி தொடர்ந்து வந்தால் எரிந்த காற்று தண்ணீருக்குள் நுழைகிறது. கிளப்பிய உடனேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, ஆயில் மூடியின் அடியில் காப்பி நுரை மாதிரி படிவது, சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது எல்லாம் அதே கதை. மூடியில் மட்டும் லேசான நுரை, டிப் ஸ்டிக்கில் சுத்தமான ஆயில் என்றால் அவசரப்படாதீர்கள், குட்டிக் குட்டி ஓட்டத்தில் சேரும் ஈரமாக இருக்கலாம். கம்ப்ரஷன் பார்த்து, பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டில் அது குறைந்திருந்தால் அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடாதீர்கள். ஒருமுறை கொதித்த ஹெட் வளைந்திருக்கும். நேர்விளிம்பு ஸ்கேலும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்து, தேவையென்றால் லேத்தில் கொடுத்து ஃபேஸிங் செய்யுங்கள் (முகத்தைச் சமமாகச் சீவுங்கள்). தேவையான அளவு மட்டும். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்சில் இறுக்கவேண்டும். பிறகு டேப்பெட் (வால்வு) இடைவெளி. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் நட்டையும் டேப்பெட்டையும் மறுபடி பார்க்கவேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் பட்டறை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

வண்டி நின்றுவிடுகிறது, முள் நடுவிலேயே இருக்கிறது

சூட்டில் நின்றதால் இதையும் ஓவர்ஹீட் என்றுதான் சொல்வோம், ஆனால் ரேடியேட்டருக்கும் இதற்கும் தொடர்பில்லை. மே மாத மதியம், மூலக்கடை சந்திப்பு நெரிசல், வண்டி இரண்டு குலுக்கல் குலுக்கி அணைந்துவிடும், செல்ஃப் சுற்றும், பிடிக்காது. பெட்ரோல் குழாயிலோ பம்பிலோ ஆவியாகி நிற்கிறது. ஃபியூயல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் கிளம்பும். நிரந்தரத் தீர்வு, மேனிஃபோல்டை ஒட்டிப் போகும் பெட்ரோல் குழாயைத் தள்ளி வளைத்து, வெப்பம் தாங்கும் உறை போடுவது. அந்த வேலையின்போதே ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். பழையது உள்ளே இளகிக் கசிய ஆரம்பித்திருந்தால், சொட்டும் இடம் சூடான சைலன்சர் குழாய்க்கு நேர் மேலே.